தோட்டத்தில் பிறந்த ஸ்ட்ராபெரி

கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் பெரிய சிவப்பு ஸ்ட்ராபெரி எந்தக் காட்டிலும் தானாக முளைத்ததல்ல. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியும், தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கடற்கரையைச் சேர்ந்த இன்னொரு செடியும் ஐரோப்பியத் தோட்டங்களில் அருகருகே வளர்ந்தபோது, யாரும் திட்டமிடாமல் உண்டான கலப்பினம் அது. பிறந்தது 18ஆம் நூற்றாண்டின் நடுவில். நெல்லும் கோதுமையும் மாமரமும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு வாழ, இந்தப் பழத்தின் வயது முந்நூறுகூட ஆகவில்லை. இன்று வீட்டுத் தோட்டக்காரர்கள் கடைப்பிடிக்கும் பராமரிப்பு முறைகள் பலவும், செடியைச் சரியாகப் புரிந்துகொள்ளாமலே அதை வளர்த்த பழைய தோட்டக்காரர்களின் கைப்பழக்கத்திலிருந்து வந்தவை. காரணம் பின்னால்தான் தெரிந்தது.

அதற்கு முன்பு ஐரோப்பாவில் ஸ்ட்ராபெரி என்றால் காட்டு ஓரங்களில் தரையோடு படரும் சிறிய செடி; பழம் சுண்டுவிரல் நுனி அளவுதான், ஆனால் வாசனை மிகுதி. காட்டிலிருந்து பிடுங்கிவந்து தோட்டத்தில் நடும் வழக்கம் 14ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. பிரான்ஸ் மன்னர் ஐந்தாம் சார்லஸ் 1368இல் பாரிஸின் லூவ்ர் அரண்மனைத் தோட்டத்தில் 1,200 செடிகளை நடச் செய்தார். இங்கிலாந்தில் உழவராகவும் செய்யுள் எழுதுபவராகவும் இருந்த தாமஸ் டஸ்ஸர், பண்ணை வேலைகளை மாதவாரியாகச் சொல்லும் தன் 1573ஆம் ஆண்டு நூலில், காட்டு முட்களிடையே வளரும் நல்ல செடிகளாகப் பார்த்து எடுத்துவந்து செப்டம்பரில் பாத்தியில் வைக்குமாறு மனைவிக்குச் சொல்கிறார். டிசம்பரில் உறைபனி நீடித்தால் செடிகளின் மேல் வைக்கோல் மூட வேண்டும் என்பதும் அவர் விதி. காட்டுச் செடியைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது வீட்டுப் பெண்களின் வேலையாக இருந்தது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. அரச தோட்டங்களைப் பற்றிய பதிவுகளில் இந்தப் பெண்களுக்கு இடமில்லை.

பதினான்காம் லூயியின் வெர்சாய் காய்கறித் தோட்டத்தை உருவாக்கிய ழான் பாப்திஸ்த் ல கின்தினி, சாண எருவின் சூட்டையும் கண்ணாடி மூடிகளையும் கொண்டு மார்ச் கடைசியிலேயே மன்னரின் மேசைக்குப் பழம் அனுப்பினார். வெளியே குளிர் விலகாத காலம் அது. ஆனால் எவ்வளவு எரு போட்டாலும் காட்டுச் செடியின் பழம் பெரிதாகவில்லை. நல்ல மண்ணில் இலை தழைத்தது, பழத்தின் எண்ணிக்கை கூடியது, அளவு அப்படியே இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் வர்ஜீனியப் பகுதியிலிருந்து ஆழ்ந்த சிவப்பு நிறப் பழம் தரும் இனம் வந்து சேர்ந்தது. அது கொஞ்சம் பெரிது, குளிரையும் தாங்கியது. ஆயினும் நூறு ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தின் ஒரு மூலையில் பெரிய மாற்றமில்லாமல் இருந்தது.

அந்தக் காலத்திலெல்லாம் பெரிய பழம் உலகத்தில் இல்லாமல் இல்லை. தென் அமெரிக்காவின் தெற்கே, இன்றைய சிலியில், மாபுச்சே மக்களும் அவர்களின் அண்டை மக்களும் ஸ்பானியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கடற்கரை ஸ்ட்ராபெரியை வீட்டுத் தோட்டச் செடியாக்கியிருந்தார்கள். தடித்த, பளபளப்பான இலை. வெளிறிய, பெரும்பாலும் வெண்மையான பழம். அப்படியே தின்றார்கள், உலர்த்தி வைத்தார்கள், புளிக்கவைத்துக் குடித்தார்கள். காட்டில் வளர்வதற்கு ஒரு பெயரும் தோட்டத்தில் வளர்ப்பதற்கு வேறொரு பெயரும் அவர்கள் மொழியில் இருந்தன. ஸ்பானியர்கள் அந்த நிலத்தைப் பிடித்தபின் செடியைப் பெரு, எக்வடோர் வரை கொண்டுபோனார்கள். இன்றும் சிலியின் நாவெல்புத்தா மலைத்தொடரை ஒட்டிய புரேன் போன்ற ஊர்களில் வெள்ளை ஸ்ட்ராபெரி பயிராகிறது. உலகச் சந்தையை நிறைக்கும் சிவப்புப் பழத்தின் அளவு, அதன் தாய் வழியான இந்த வெள்ளைப் பழத்திடமிருந்து வந்தது. ஸ்ட்ராபெரி வரலாறுகள் பெரும்பாலும் ஐரோப்பியரின் பெயர்களையே வரிசையாகச் சொல்கின்றன. தேர்ந்தெடுத்து வளர்க்கும் கடினமான வேலையில் பாதியை முடித்துவைத்தவர்கள் மாபுச்சே தோட்டக்காரர்கள்.

அந்தச் செடியை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர் தாவரவியலாளர் அல்லர், ஒற்றர். அமெதே ஃபிரான்சுவா ஃப்ரெசியே பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். ஸ்பானியரின் தென் அமெரிக்கத் துறைமுகங்களும் கோட்டைகளும் எப்படி இருக்கின்றன என்று அறிந்துவர 1712இல் பதினான்காம் லூயி அவரை அனுப்பினார். வணிகர் வேடத்தில் துறைமுகம் துறைமுகமாகச் சென்று வரைபடம் வரைந்தவர், கொன்செப்சியோன் நகருக்கு அருகில் வயல்களில் ஸ்ட்ராபெரி பயிராவதைப் பார்த்தார். பழம் அக்ரூட் கொட்டையளவு, சில சமயம் கோழி முட்டையளவு இருந்ததாக 1716இல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். 1714 ஆகஸ்டில் அவர் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது ஐந்து செடிகள் உயிரோடிருந்தன. மாதக்கணக்கான கடற்பயணத்தில் குடிநீர் அளந்துதான் கிடைக்கும். அந்த நீரில் ஒரு பங்கைச் செடிகளுக்கு ஊற்ற அனுமதித்த கப்பல் சரக்கு அதிகாரிக்கு இரண்டு செடிகள் போயின. ஒன்று பாரிஸ் அரச தோட்டத்துக்கு, ஒன்று கோட்டைத் துறை அமைச்சருக்கு. ஒன்றை ஃப்ரெசியே தனக்கு வைத்துக்கொண்டார்.

பாரிஸில் செடி நன்றாகப் படர்ந்தது. ஓடுதண்டுகள் விட்டு, தண்டின் கணுவில் வேர் பிடித்து, ஒன்று பத்தானது. அங்கிருந்து பிற நாடுகளுக்கும் போனது. லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் பிலிப் மில்லருக்கு 1727இல் ஹாலந்திலிருந்து செடி கிடைத்தது. எல்லா இடத்திலும் ஒரே ஏமாற்றம்: பூத்தது, காய்க்கவில்லை, தப்பித் தவறிக் காய்த்தவையும் கோணல்மாணல். மண்ணைக் குறை சொன்னார்கள், குளிரைக் குறை சொன்னார்கள். உண்மைக் காரணம் பூவிலேயே இருந்தது. சிலி ஸ்ட்ராபெரியில் பொதுவாக ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நல்ல பெரிய பழம் தாங்கிய செடிகளாகப் பார்த்து எடுத்ததால் ஃப்ரெசியே கொண்டுவந்தவை எல்லாம் பெண் செடிகள். ஓடுதண்டில் வரும் கன்று தாயின் அச்சுப் பிரதி என்பதால், ஐரோப்பா முழுவதும் பரவியவையும் பெண் செடிகளே. மகரந்தம் தர ஆளில்லை.

பிரான்சின் மேற்குக் கோடியில் பிரித்தானி கடற்கரையில் விடை கிடைத்தது, அதுவும் படித்தவர்களுக்கு அல்ல. ஃப்ரெசியே பிற்காலத்தில் பிரித்தானியின் கோட்டைப் பணிகளுக்குத் தலைவராகி, 1773இல் பிரெஸ்ட் நகரில் இறந்தார். அந்த நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிளூகஸ்தெல் ஊரின் குடியானவர்கள் சிலி ஸ்ட்ராபெரியைப் பயிரிட்டார்கள். கடற்காற்றும் உறைபனி குறைந்த குளிர்காலமும் செடிக்குத் தாய்நாட்டை ஒத்திருந்தன. சிலிச் செடிகளின் வரிசைகளுக்கு இடையில் வர்ஜீனியச் செடியையோ ஐரோப்பியக் கஸ்தூரி ஸ்ட்ராபெரியையோ நட்டால் சிலிச் செடி நன்றாகக் காய்க்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஏன் என்று தெரியாது, நட்டார்கள், காய்த்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் பழம் அனுப்பியது. இன்று அங்கே ஸ்ட்ராபெரிக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது.

இப்படி இரண்டு அமெரிக்க இனங்களும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் பூத்தபோது, தேனீக்கள் மீதி வேலையைச் செய்தன. 1750களில் ஐரோப்பியத் தோட்டங்களில் ஒரு புதுச் செடி தென்படத் தொடங்கியது. பழம் சிலிச் செடியினது போலப் பெரிது. நிறம் வர்ஜீனியச் செடியின் சிவப்பு. முகர்ந்தால் அன்னாசி வாசனை. மில்லர் 1759இல் இதை அன்னாசி ஸ்ட்ராபெரி என்று பதிவு செய்தார். எங்கிருந்து வந்தது என்பதில் குழப்பம். புதிரை அவிழ்த்தவர் வெர்சாயில் வளர்ந்த ஆந்துவான் நிக்கோலா துஷேன் என்ற இளைஞர். 17 வயது நிரம்புவதற்கு முன்பே, 1764 ஜூலையில், கஸ்தூரி ஸ்ட்ராபெரியின் மகரந்தத்தால் காய்க்கவைத்த சிலிச் செடியை ஒரு தொட்டியில் பழங்களோடு பதினைந்தாம் லூயியிடம் காட்டினார். மகிழ்ந்த மன்னர் அதைப் படம் வரைந்து வைக்கச் சொன்னார். ஐரோப்பாவின் ஸ்ட்ராபெரி வகைகளை எல்லாம் அரச தோட்டத்தில் சேர்க்கவும் அனுமதித்தார். 1766இல் துஷேன் ஸ்ட்ராபெரிகளின் இயற்கை வரலாற்றை நூலாக்கினார். ஆண், பெண் செடிகள் தனித்தனி என்பதையும், அன்னாசி ஸ்ட்ராபெரி சிலி இனமும் வர்ஜீனிய இனமும் கலந்து பிறந்தது என்பதையும் அதில் தெளிவாக எழுதினார். உயிரினங்கள் படைக்கப்பட்டபடியே மாறாமல் இருக்கின்றன என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், ஒரு தோட்டப் பாத்தியை வைத்துக்கொண்டு எழுதிய நூல் அது.

அவர் மன்னரிடம் காட்டிய செடி புதிய இனமாக நிலைக்கவில்லை, சிலி, வர்ஜீனிய இனங்களின் கலப்பு நிலைத்தது. இதற்கு விளக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. ஐரோப்பியக் காட்டு ஸ்ட்ராபெரியில் குரோமோசோம்கள் 14, கஸ்தூரி இனத்தில் 42, சிலி இனத்திலும் வர்ஜீனிய இனத்திலும் 56. எண்ணிக்கை ஒத்துப்போனதால் அமெரிக்க இனங்கள் இரண்டும் கலந்து வளமான சந்ததியைத் தந்தன. கஸ்தூரியின் மகரந்தம் பழத்தை உண்டாக்கியது, ஆனால் நல்ல வம்சத்தை உண்டாக்கவில்லை. பழம் உண்டாவதே தனிக் கதை. ஸ்ட்ராபெரியின் மேற்பரப்பில் விதை போல ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு மணி ஒவ்வொன்றும்தான் தாவரவியல்படி ஒரு கனி. நாம் தின்னும் சதை, பூவைத் தாங்கிய பூத்தளம் வீங்கியது. ழான் நிட்ச் என்ற ஆய்வாளர் 1950இல் இளங்காயிலிருந்து அந்த மணிகளை நீக்கிப் பார்த்தார். சதை வளர்வது நின்றது. மணிகளுக்குப் பதிலாக ஆக்சின் என்ற வளரூக்கி கலந்த பசையைத் தடவியதும் மீண்டும் வளர்ந்தது. மகரந்தம் படாத பக்கத்தில் மணி வளராது, அந்தப் பக்கம் சதையும் குழிந்துவிடும். ஃப்ரெசியேயின் செடிகளில் தோன்றிய கோணல் காய்களுக்கும், இன்று மொட்டைமாடியிலோ வலைக்கூடாரத்திலோ தேனீ வராத தொட்டிச் செடியில் தோன்றும் கோணல் காய்களுக்கும் காரணம் ஒன்றே. மலர்ந்த பூவின் நடுவில் மெல்லிய தூரிகையால் சுற்றி வருடிவிடுவது அதனால்தான்.

பெரிய பழத்தைப் பலரும் வாங்கும் பழமாக்கியவர்கள் லண்டனுக்கு அருகே இருந்த சந்தைத் தோட்டக்காரர்கள். ஐல்வொர்த் என்ற இடத்தில் மைக்கேல் கீன்ஸ், அன்னாசி ஸ்ட்ராபெரியின் வழிவந்த விதைகளை முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்தார். 1806இல் ஒரு நல்ல வகை, 1821இல் அதைவிடச் சிறந்த இன்னொன்று. பின்னது பெரிய, இனிய, ஆழ்ந்த நிறப் பழம் தந்து அந்த நூற்றாண்டு முழுவதும் புதிய வகைகளுக்குத் தாயானது. அதே காலத்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர், எந்தப் பூவின் மகரந்தம் எந்தப் பூவுக்கு என்று கணக்கு வைத்துத் திட்டமிட்டுக் கலப்பு செய்தார். ஐல்வொர்த்திலிருந்து லண்டன் சந்தைக்குப் பழம் வண்டியில் போகவில்லை. வேல்ஸிலிருந்தும் ஷ்ராப்ஷயரிலிருந்தும் பருவ வேலைக்கு வந்த பெண்கள் தலைச்சுமையாக நடந்தே கொண்டுபோனார்கள். வண்டியின் குலுக்கலில் பழம் நசுங்கிவிடும். பழங்கள் மண்ணில் புரளாமல் இருக்கச் செடியடியில் வைக்கோல் பரப்பும் வழக்கமும் இந்தத் தோட்டங்களில் வேரூன்றியது. டஸ்ஸர் பனிக்காகப் போட்ட வைக்கோல் இங்கே வேறு வேலை செய்தது: ஈரத்தரையில் படும் பழம் சாம்பல் பூஞ்சணம் பிடித்து அழுகும், மழை தெறித்தால் மண் ஒட்டும், இரண்டையும் அது தடுத்தது. மகாபலேஷ்வர் வயல்களில் இப்போது விரிக்கும் கறுப்பு நெகிழித் தாளும், வீட்டுத் தொட்டியில் பரப்பும் தென்னை நாரும் காய்ந்த இலையும் அதே வேலைக்காகத்தான்.

துஷேன் எழுதி வைத்தது அமெரிக்காவில் எல்லோரையும் எட்டவில்லை. சின்சினாட்டி நகரில் திராட்சை மது தயாரித்துச் செல்வந்தரான நிக்கோலஸ் லாங்வொர்த் 1830களில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். அதே நகரில் ஒரு சிறு தோட்டக்காரர், லாங்வொர்த்தினதைவிடச் சிறிய நிலத்தில் பல மடங்கு பழம் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பெண் செடிகளின் நடுவே ஆண் செடிகள் சிலவற்றை அளவாக வைப்பது அவருடைய ரகசியம். அது அவர் குடும்பத்தார் வாய்வழியே வெளிப்பட்டது. லாங்வொர்த் அதை ஊரறிய எழுத, பூவின் ஆண், பெண் தன்மை மண்ணையும் பருவத்தையும் பொறுத்து மாறும் என்று பாஸ்டனைச் சேர்ந்த புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் சார்லஸ் ஹோவி மறுத்தார். தோட்டக்கலை இதழ்களில் இந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் நடந்தது. பின்னர் ஒரே பூவில் மகரந்தமும் சூலும் கொண்ட வகைகள் நிலைத்தபோது சண்டைக்குப் பொருளில்லாமல் போயிற்று. இன்று வீட்டில் ஒற்றைச் செடி வைத்தாலும் காய்ப்பது அந்த இருபால் வகைகளால்தான்.

ஓடுதண்டு இன்னொரு பாடத்தைத் தாமதமாகக் கற்றுத்தந்தது. கன்று தாயின் பிரதி என்றால், தாயின் நோயும் கன்றுக்குப் போகும். அசுவினிப் பூச்சிகள் பரப்பும் வைரஸ்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வகைகள் பல நலிந்தன. வகை கிழடாகிவிட்டது என்றே தோட்டக்காரர்கள் நினைத்தார்கள். கென்ட் மாவட்டத்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில், நோயை எளிதில் காட்டிக்கொடுக்கும் காட்டுச் செடியோடு ஒட்டுக்கட்டிச் சோதித்தபோது வைரஸ் வெளிப்பட்டது. அதன்பின் நோயற்ற தாய்ச் செடிகளைத் தனியே காத்து, சான்று பெற்ற கன்றுகளை மட்டும் விற்கும் முறை வந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாத்தியை மாற்று, பழைய இடத்திலேயே நடாதே, நோய் தெரியும் செடியிலிருந்து கன்று எடுக்காதே என்ற அறிவுரைகளின் பின்னணி இது. ஓடுதண்டுகளைக் கிள்ளிவிடுவது வேறு கணக்கு. செடியின் சத்து கன்றுக்குப் போனால் பழத்துக்குக் குறையும். பழம் முடியும்வரை கிள்ளிவிட்டு, பிறகு நல்ல செடியில் இரண்டு மூன்றை மட்டும் விட்டுச் சிறு தொட்டியில் வேர்பிடிக்க வைப்பது பழைய தோட்டக்காரர்களின் நடைமுறை.

பூக்கும் காலம் மட்டும் நெடுநாள் மனிதன் கையில் சிக்காமல் இருந்தது. பழைய பெரிய பழ வகைகள், பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போதுதான் மொட்டுக் கட்டும்; ஐரோப்பாவில் அது மறு ஆண்டு ஜூனில் சில வாரங்கள் மட்டும் பழமாகும். பிரான்சில் திவோலே என்ற பாதிரியார் 1893இல் மீண்டும் மீண்டும் காய்க்கும் பெரிய பழ வகையை வெளியிட்டார். ஆனால் பகலின் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத வகைகள் பெருகியது கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட், விக்டர் வோத் இருவராலும். 1955இல் யூட்டா மாநிலத்து வாசாட்ச் மலையில் எடுத்த ஒரு காட்டு வர்ஜீனியச் செடியின் பண்பைத் தோட்ட வகைகளுக்குள் புகுத்தி, 1979இல் முதல் வகைகளை வெளியிட்டார்கள். மறுபடியும் காட்டுச் செடிதான் தேவைப்பட்டது.

இந்தியாவுக்கு ஸ்ட்ராபெரி பிரிட்டிஷாரின் மலைவாசத் தலங்கள் வழியே வந்தது. பம்பாய் மாகாணத்தின் கோடைத் தலைநகரான மகாபலேஷ்வரின் செம்மண்ணும் குளிரும் அதற்கு ஒத்துப்போயின. இன்று நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கு அங்கிருந்தும் பக்கத்துப் பஞ்ச்கனியிலிருந்தும் வருகிறது. 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தெற்கே உதகை, குன்னூர், கொடைக்கானல் சாலையோரங்களில் கூடையில் வைத்து விற்கும் பழத்துக்கும் மூலம் அதே பங்களாத் தோட்ட மரபுதான். நீலகிரிக்கு ஸ்ட்ராபெரியோடு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. ஆசியாவின் காட்டு ஸ்ட்ராபெரி இனங்களில் ஒன்று ஃபிராகேரியா நில்கெரென்சிஸ். நீலகிரியின் பெயரைத் தாங்கிய அது கிழக்கு இமயத்திலும் தென்மேற்குச் சீனாவிலும் பரவலாக வளர்கிறது. பழம் சிறிது, வெளிறிய நிறம், தனித்த வாசனை. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் தோட்ட ஸ்ட்ராபெரியோடு கலந்து, பீச் பழ வாசனையுள்ள டோகுன் என்ற வகையை உருவாக்கியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஆண்டின் நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே இங்கே பூப்பதை முடிவு செய்வது பகலின் நீளத்தைவிட வெயிலின் சூடு. மலையில் செடி ஆண்டுக்கணக்கில் நிற்கும். சமவெளி மாடித்தோட்டத்தில் ஐப்பசி வாக்கில் நட்டு, மார்கழி தொடங்கி மாசிவரை பழம் பறித்து, பங்குனி வெயிலோடு முடித்துக்கொள்ளும் ஒரு பருவச் செடியாகவே அதை நடத்த வேண்டியிருக்கிறது. நீர் தேங்காத, லேசான புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். மட்கு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்த கலவை போதும். இலைகள் கிளம்பும் குருத்து மண்மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் வேர் காயும். வேர் ஆழமாக இறங்காததால் சிறுகச் சிறுக அடிக்கடி நீர், அதையும் இலைமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுவது நல்லது. மாசிக்குப் பின் ஒன்றிரண்டு கன்றுகளை நிழல்வலையின் கீழ் காப்பாற்றுபவர்களும் உண்டு. கோடையைத் தாண்டுபவை கொஞ்சம்தான். இணையக் கடைகளில் நீலம், கறுப்பு, ஊதா என்று படம் போட்டு விற்கும் ஸ்ட்ராபெரி விதைகளை வாங்கி ஏமாறுபவர்கள் ஏராளம். நீல நிற ஸ்ட்ராபெரி என்று ஒன்று கிடையாது. உண்மையான சிவப்புப் பழத்தின் விதையை முளைக்கவைத்தாலும், எட்டு மடிக் குரோமோசோம் கொண்ட கலப்பினமாதலால் தாயின் பழம் திரும்ப வராது. வேண்டிய வகையின் பழம் கிடைக்க, ஃப்ரெசியேயின் கப்பலில் வந்ததைப் போலவே, வேரோடு கூடிய கன்றுதான் வேண்டும்.